எல்லாக் கடையிலும் ஒரே உறுமி

1

என் மனைவியின் திதியன்று, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ஒரு வாழையிலைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். கோயிலில் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்திருந்தது. மகள் மாலதி காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பேத்தி தர்ஷினி, கைபேசியைப் பார்த்தபடி, கீரையை ஒதுக்கிவிட்டு அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசவே இல்லை. ஆனால் கடை முழுவதும் அவள் குரல்தான். சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளிலும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

தர்ஷினி ‘செவன் கே’ என்ற ராக் இசைக்குழுவின் பாடகி. இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், அவள் குரல். கடல் தாண்டி அங்கே ஊரில் இருக்கும் நீங்கள் இந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டீர்கள். இங்கே கேட்காமல் தப்பிக்க முடியாது. நானும் அதுவரை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். ஆனால் சொற்களைத்தான் கேட்டிருந்தேன். அன்று இலையில் ரசம் ஊற்றக் காத்திருந்தபோது, காது தானாகச் சொற்களுக்குக் கீழே போனது. கிடார் கத்தலுக்கும் கீழே ஒரு உறுமி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று அடி. இரண்டு அடி. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் ஒரு நீண்ட முனகல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், பக்கத்து மேசையில் இருந்த இரண்டு மாணவர்கள் வலது கையால் இடது தோளைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் அந்தப் பாட்டின் ஆட்டம். கைபேசியில் எல்லாரும் அதைச் செய்து படமெடுத்துப் போடுகிறார்கள்.

மறுபடி மூன்று, இரண்டு, முனகல், இடைவெளி. என் விரல் இலையின் ஓரத்தில் அதை எண்ணியது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் என் மனைவியைக் கிள்ளானில் மருமகன் வீட்டு வாசலிலிருந்து தெருமுனையில் நின்ற வேன்வரை தூக்கிப் போனபோது அடித்த அடி இது.

எங்கள் குடும்பத்தில் சாவுக்கு மேளம் வைக்கும் பழக்கமில்லை. மருமகன் இங்கேயே பிறந்தவர். அவர்கள் பக்கத்தில் உறுமி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. அந்த முனகல் முடிந்ததும் வரும் இடைவெளியில், பெட்டியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மேளம்தான் சொன்னது. நான் பின்னால் நடந்தபடி இடைவெளிகளை எண்ணினேன். பதினொன்று. அழாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“தாத்தா, ரசம் ஊத்திட்டாரு. எங்க பாக்குறீங்க?” என்றாள் தர்ஷினி.

“ஒன்றுமில்லை” என்றேன். ரசம் இலையை விட்டு வழிந்து என் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

2

சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவன் நான். நகரும் பட்டையில் வரும் சர்க்யூட் பலகைகளில் பழுதானவற்றை எண்ணுவதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்றபின் பட்டை நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. படிக்கட்டை எண்ணுவேன், தெரு விளக்கை எண்ணுவேன். தர்ஷினி என்னை ‘மீட்டர் தாத்தா’ என்பாள்.

அதனால் அடுத்த வாரம் எண்ணத் தொடங்கினேன். ரயில் நிலையத்திலிருந்து கோயில்வரை நடந்தால் எத்தனை இடத்தில் இந்தப் பாட்டு கேட்கிறது? ஒன்பது. புடவைக்கடை, பழச்சாறு, முடிவெட்டும் கடை, கைபேசி உறை விற்கும் பையன். தீபாவளிக் கடைத்தெரு போட்டதும் எண்ணிக்கை கைமீறிப் போய்விட்டது. அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் பதிவு இலாகாவுக்குப் போனேன். நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைக்காரன், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. விரல் ரேகை மங்கிவிட்டது, வேறு விரல் வை, வேறு கவுன்டர் போ என்று அலையவிட்டார்கள். அங்கே வாசல் காவலாளியின் சட்டைப்பையிலிருந்தும் என் பேத்தி பாடினாள். அவர் நேப்பாளி. ஒரு சொல்லும் புரிந்திருக்காது. இடைவெளி வந்ததும் தோளைத் தட்டிக்கொண்டார்.

பூமாலை கட்டும் லெட்சுமி எனக்குப் பழக்கம். இங்கே எல்லாரையும்போல் பேச்சின் முடிவில் ‘லா’ சேர்ப்பவள். அவளிடம் கேட்டேன்.

“இந்தப் பாட்டை யாரம்மா போடச் சொன்னது?”

“யாரு கேட்டா அங்கிள்? ஒரு பையன் வந்தான், பெண்டிரைவ் குடுத்தான். கூட இந்த ஸ்பீக்கரும் சும்மாவே குடுத்தான். தினமும் இதப் போட்டா போதும்னான். போட்டுட்டேன் லா.”

“உனக்குப் பிடித்திருக்கிறதா?”

அவள் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு யோசித்தாள். “பிடிக்குதா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியல அங்கிள். காலையில பல்லு விளக்குறப்பவே வாயில வந்துடுது.”

வரிசையாக எல்லாக் கடைக்கும் அப்படித்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஒன்பது கடையைத் தாண்டி நடக்கிறவன், ஊரே இதைத்தான் கேட்கிறது என்று நம்பிவிடுகிறான். நம்பியபின் அவனும் கேட்கிறான். நிகழ்ச்சிகளிலும் அதே முறை. முதல் வரிசையில் நின்று கத்தும் பிள்ளைகளைப் பாட்டை வெளியிட்ட கம்பெனி வேனில் அழைத்துவருகிறது. அவர்கள் எப்போது தோளைத் தட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை அந்த வேனை எட்டிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே கறுப்புச் சட்டையில், மேடைக்கு முதுகு காட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

3

குழுவின் பெயர் முதலில் ‘ஏழாங்கட்டை’. நான் ஊர்ப் பழக்கத்தில் சுருதி என்று நினைத்து, “ஏழு கட்டையில் பாடப்போகிறாயா, தொண்டை கிழிந்துவிடும்” என்று பயந்தேன். வீடே சிரித்தது. இங்கே கட்டை என்றால் மைல்கல். கிள்ளான் சாலையில் ஏழாங்கட்டையில்தான் சுரேன் வீடு. அவன்தான் குழுவின் உறுமிக்காரன். கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் உறுமி அடிக்கும் கூட்டம் ஒன்று அவனுக்கு உண்டு. என் மனைவிக்கு அடித்ததும் அவர்கள்தான். அப்போது தர்ஷினி பள்ளி மாணவி; பெண்களோடு வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

மருமகன் வீட்டுக் கார் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் பயிற்சி. ஒரு பாட்டுக்குப் பல்லவியே இருக்காது. இன்னொன்று முடியவே முடியாது. ஒரு பாட்டின் நடுவில் உறுமியும் கிடாரும் சண்டை போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சுவரைத் தட்டும்வரை நிற்காது. நானும் காதைப் பொத்திக்கொண்டு குறை சொன்னவன்தான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று எண்ணிச் சொல்ல முடிந்ததில்லை.

பிறகு பிரவீன் வந்தார். கம்பெனியின் மேலாளர். வெள்ளைக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்ட நல்ல பிள்ளை.

“அங்கிள், மக்கள் புதுசு கேக்கமாட்டாங்க. தெரிஞ்சதையே புதுசுன்னு குடுக்கணும். அதான் நம்ம வேலை” என்றார், தேநீரை ஊதிக்கொண்டே.

பெயர் ‘செவன் கே’ ஆனது. எட்டுச் சுற்று உறுமி, கிடார் கத்தல், நான்கு வரி தமிழ், இரண்டு வரி ஆங்கிலம், வானொலிக்காக ஒரு வரி மலாய், பிறகு ஒரே சொல்லைப் பதினாறு முறை சொல்லும் பல்லவி. அந்தக் கம்பெனியிடம் இதுபோல் ஐந்து குழுக்கள். ஐந்தையும் கேட்டேன். ஐந்துக்கும் இதே கணக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு நீளமுடிக்காரன், ஒரு பெண், ஒரு மொட்டை. ஐந்துமே ‘இதுவரை கேட்டிராத இசை’ என்று விளம்பரம். சுங்கை வேயில் நாங்களும் ஒரே பலகையை ஐந்து பெயர் போட்ட பெட்டிகளில் அடைத்து அனுப்பினோம். அது வானொலிப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அழப்போவதில்லை.

சுரேனை ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, தெரிந்த அடியெல்லாம் அடிக்கச் சொன்னார்கள். அரை நாள் அடித்தான். அதன்பின் அவனை அழைக்கவில்லை. மேடையில் ஒரு விசையைத் தட்டினால் அவன் உறுமி வந்துவிடுகிறது. அவன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லாரி ஓட்டப் போய்விட்டான்.

இப்போது கம்பெனி தர்ஷினியிடம் ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பெயரும் பாட்டும் பதிவின்போதே அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டன; இதில் அவள் மேடைத் தோற்றமும் சேர்கிறது. தீபாவளிக்குள் கையெழுத்து. போட்டால் கோலாலம்பூரில் பெரிய அரங்கம், சிங்கப்பூர், சென்னை. போடாவிட்டால் ஒன்றுமில்லை. அவள் மூன்று வாரமாக அதைப் பையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்க சும்மா இருங்க” என்றாள் மாலதி. “நாலு வருசமா கத்தி இது ஒன்னுதான் அவளுக்குக் கிடைச்சிருக்கு. எதையாச்சும் எண்ணிச் சொல்லிக் கெடுத்துடாதீங்க.”

4

மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊரில் கோவிந்தன் என்று ஒருவர் தமுக்கு அடிப்பார். கொட்டகைக்குப் புதுப்படம் வந்தாலும் அவர்தான், வரி கட்டச் சொன்னாலும் அவர்தான், யாராவது போய்விட்டாலும் அவர்தான். மூன்றுக்கும் மூன்று வேறு வேறு அடி. என் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வராமலே சொல்லிவிடுவாள்: “படம் மாத்திருக்கான்.” அல்லது பேசாமல் அடுப்பை அணைப்பாள். அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் தனிக் குவளை வைத்திருந்தார்கள். அதனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் வருவது வியாபாரமா சாவா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது.

இதை இங்கே நினைக்கக் காரணம் உண்டு. திதிக்குப் பிறகு இரண்டு கல்யாணத்துக்குப் போனேன். இரண்டிலும் மணமக்கள் மண்டபத்துக்குள் அந்தப் பாட்டோடுதான் நுழைந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இடைவெளியில் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். முந்நூறு பேர் கைதட்டினார்கள். காஜாங்கில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். குழந்தையின் கையைப் பிடித்து அதன் தோளைத் தட்டவைத்தார்கள். நான் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே புகைமூட்டம். சுமத்ராவில் எதுவோ எரிகிறது என்றார்கள். எதிர்ச் சாலையே தெரியவில்லை.

5

மாலதி தடுத்தும், பாட்டில் இருப்பது சாவு அடி என்று சொல்லிவிட்டேன். தர்ஷினி முதலில் சிரித்தாள்.

“தாத்தா, அது லூப். கம்ப்யூட்டர்ல வெட்டிப் போட்டது.”

“வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கணக்கை மாற்றவில்லை. உன் பாட்டிக்கு அடித்தது. சுரேனைக் கேள்.”

அவள் அவனைக் கைபேசியில் அழைத்து எனக்கும் கேட்கும்படி வைத்தாள். பின்னால் துறைமுகத்தின் இரைச்சல். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

“மீட்டர் தாத்தாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு” என்றான்.

“அடேய், தெரிஞ்சே சும்மா இருந்தியா?”

“என்னைய எல்லாத்தையும் அடின்னாங்க, அடிச்சேன். சாமிக்கு அடிக்கிறது, கல்யாணத்துக்கு, எல்லாம். எது எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கல. பாட்டு வந்தப்பறம்தான் தெரியும், இத எடுத்திருக்கானுங்கன்னு. மொத நாள் லோரியில கேட்டேன் தர்ஷ். ஓரமா நிப்பாட்டிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ டீவியில அவ்ளோ சிரிச்சிக்கிட்டு இருந்த லா.”

மறுநாள் அவள் பிரவீனிடம் பேசினாள். அந்தப் பிள்ளை பதறவே இல்லை என்றாள். “சாவு அடியா? சீரியஸா? அதான் இப்படிப் பிடிச்சிக்குது போல. இப்ப அஞ்சு பேண்டுலயும் அதான் போகுது. யாருக்கு லா தெரியப்போகுது?” என்றாராம். சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். “அவரு சொல்றதும் சரிதானே தாத்தா? தெரியாதவங்களுக்கு அது வெறும் சத்தம்தானே?”

அவள் பேனாவைத் தேடிக் கைப்பையைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையை மூடிவிட்டாள். “தீபாவளிக்கு முன்னாடி போடுறேன்” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

6

தீபாவளிக்கு முந்தின வாரம் சுரேனின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவரும் லாரி ஓட்டியவர்தான். தர்ஷினியும் நானும் ஏழாங்கட்டைக்குப் போனோம். தர்ஷினி முகத்தில் பூச்சு எதுவுமில்லாமல், தலையைப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள்.

வீடு நெருக்கமான தெருவின் உள்ளே இருந்தது. வேன் வர முடியாது. பெரிய சாலையில் நின்றது. சுரேன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மகன் என்பதால் அவன் அடிக்கக் கூடாது. அவன் கூட்டத்துப் பையன்கள் அடித்தார்கள். ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

மூன்று. இரண்டு. முனகல். இடைவெளியில் ஆறு பேரும் தோள் மாற்றினார்கள். மூன்று. இரண்டு. முனகல்.

மதிலோரம் தெருப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி தர்ஷினியை அடையாளம் கண்டுகொண்டாள். “அக்கா! செவன் கே அக்கா லா!” என்று கத்தினாள். அதன்பின் இடைவெளி வந்தபோது, அவள் தோளைத் தட்டினாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் தட்டினார்கள். அடுத்த இடைவெளியில் எதிர்ப்பக்க மதிலிலும் தட்டினார்கள். கேலி செய்யவில்லை. அவர்களுக்கு அந்த அடி என்றால் அதுதான். கைபேசிகள் உயர்ந்தன. யாரோ பல்லவியின் அந்த ஒற்றைச் சொல்லைப் பாடினார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். துக்கத்துக்கு வந்திருந்த ஒரு வாலிபனின் கையும் பாதித் தூரம் உயர்ந்ததைப் பார்த்தேன். அவன் அதைக் கீழே இறக்கி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

தர்ஷினி, “வேணாம், பாடாதீங்க, ப்ளீஸ்” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மேடையில் அவள் கையை ஆட்டினால் கூட்டம் இன்னும் சத்தமாகப் பாடும். இங்கேயும் பாடியது.

சுரேன் நின்றான். சட்டியின் புகை அவன் முகத்தை மறைத்தது.

“நிப்பாட்டுங்கடா” என்றான்.

மேளம் நின்றது. ஊர்வலம் சத்தமில்லாமல் நகர்ந்தது. தோள் மாற்றும் நேரத்தைச் சொல்ல எதுவும் இல்லை. முன்னால் இருந்தவர் மாற்றினார், நடுவில் இருந்தவர் மாற்றவில்லை. பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நான்கைந்து பேர் ஓடிப்போய்த் தாங்கினார்கள். “பிடி, பிடி, ஒன்னா மாத்துங்க லா” என்று யாரோ அழுகையோடு கத்தினார். வேன்வரை அப்படியே தள்ளாடித்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுரேன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தர்ஷினி அவன் பின்னால், ஐந்தாறு அடி தள்ளி, தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

7

அன்று மாலையே பிரவீன் அழைத்தார்; தர்ஷினி எங்களுக்கும் கேட்கும்படி கைபேசியை வைத்தாள். பிள்ளைகள் எடுத்த படம் பரவிவிட்டதாம். பெட்டி சரிவதற்கு முன்னால் வெட்டப்பட்ட பகுதி.

“தர்ஷ், ரொம்ப சாரி லா, உன் கூட்டாளி அப்பா. ஆனா பாரேன், சாவு வீட்டுலகூட நம்ம பாட்டு! காசு குடுத்தாலும் இப்படி ஒரு ப்ரோமோஷன் வராது.”

“அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க.”

“நம்ம போட்டது இல்லையே. நம்ம எப்படி அழிக்கிறது?”

அவள் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்தாள். “நான் கையெழுத்துப் போடல” என்றாள். மாலதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பிரவீன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஓகே மா. ஒன்னும் பிரச்சனை இல்ல. பேரு நம்மகிட்ட, பாட்டு நம்மகிட்ட. ஆளு பாத்து வெச்சிருக்கோம்” என்றார். பிறகு, என்னைப் பற்றி நினைவு வந்தவர்போல, “தாத்தாவுக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லிடு” என்றார்.

தர்ஷினி இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். சனிக்கிழமைகளில் ஏழாங்கட்டைக்குப் போகிறாள். பாடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை. போன சனிக்கிழமை திரும்பி வந்தவளிடம், சுரேன் இப்போது சாவுக்கு என்ன அடிக்கிறான் என்று மட்டும் கேட்டேன்.

“புதுசா ஒன்னு யோசிக்கிறாங்க தாத்தா. எது அடிச்சாலும் புள்ளைங்க அதே மாதிரிதான் தட்டுதுங்களாம்.”

நேற்று முடிவெட்டப் போனேன். கடையில் அந்தப் பாட்டு. வேறு பெண்ணின் குரல். என் பேத்தி மூச்செடுக்கும் இடத்தில் இவளும் மூச்செடுத்தாள். ‘செவன் கே’யின் புதுப் பாடகி என்றார் கடைக்காரர். நான் வாடிக்கையாக வருகிறவன், அவர் நிதானமான மனிதர். நாற்காலியைச் சாய்த்து, கழுத்தில் நுரை தடவி, சவரக்கத்தியை வைத்தார்.

“இந்தப் பாட்டுன்னா வேலையே தெரியாது அங்கிள்” என்றார்.

மூன்று முறை இழுத்தார். இரண்டு முறை இழுத்தார். முனகலுக்கு ஒரு நீண்ட இழுப்பு, காதுக்குக் கீழிருந்து தொண்டைவரை. பிறகு இடைவெளி வந்தது. கத்தியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவர் என் தோளைத் தட்டினார்.